சுண்ணாம்புக்குளத்தில் ஒரு டிக்கி ஷாக்!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கிப்போய், கடைசி ஸ்டேஷனில் யாரோ தட்டி எழுப்பி இறங்கியவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்போம். ‘அதுக்கு மேல என்னதான் இருக்கு?’ என்று எட்டிப் பார்த்தவர்கள் கம்மி. அதுக்கு மேல எளாவூர், ஆரம்பாக்கம். அப்புறம் ஆந்திரா! அந்தப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்புங்கள். லாரி சத்தம் மெள்ள அடங்கும். காற்றில் உப்பு ஏறும். ரோட்டோரம் கருவாடு காயும் வாசம் மூக்கில் ஏறினால், பழவேற்காடு ஏரி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஏரியின் மேற்குக் கரைப் பக்கத்து ஊர்தான் சுண்ணாம்புக்குளம்.

பழவேற்காடு என்றதும் எல்லோரும் தெற்கே, டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய பக்கம்தான் போவார்கள். டச்சுக் கல்லறை, போட் சவாரி, நண்டு வறுவல், நாலு போட்டோ. முடிஞ்சுது டூர். சுண்ணாம்புக்குளத்துக்கு டூரிஸ்ட் யாரும் வருவதில்லை. அதனாலதான் நாங்க போனோம்.

பேரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. ஏரியின் அடியில் காலங்காலமாகப் படிந்த கிளிஞ்சல், சிப்பி ஓடுகளைத் தோண்டி எடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியிருக்கிறார்கள் இந்த வட்டாரத்தில். சிமென்ட் வருவதற்கு முன்னால் வீட்டுச் சுவரெல்லாம் இந்த மாதிரி கிளிஞ்சல் சுண்ணாம்பில்தான் நின்றது. இன்றைக்கும் கரையில் செருப்பைக் கழற்றி நடந்தால் காலடியில் ‘நறநற’. அக்குபஞ்சர் ஃப்ரீ!

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ட்ரிப்பின் ஹீரோ ஏரி இல்லை. ஒரு கூரை.

பேரில் மட்டும் கேம்பர்

நாங்கள் நாலு பேர். மூணு மெக்கானிக்கல், ஒரு விஸ்காம். நண்பனின் தாய்மாமாவிடம் ஒரு மஹிந்திரா பொலிரோ கேம்பர். முன்னால் அஞ்சு பேர் உட்காரலாம், பின்னால் லோடு ஏத்தலாம். வண்டி பேரிலேயே ‘கேம்பர்’ இருக்கு... படுக்கத்தான் இடம் இல்லை! அந்தக் குறையைத் தீர்ப்பதென்று செமஸ்டர் லீவில் முடிவு பண்ணினோம்.

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் வேனை வாங்கி, வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி 1950-களிலேயே கேம்பராக மாற்ற ஆரம்பித்துவிட்டது. பிற்பாடு அதில் கூரையை மேலே தூக்குகிற மாடலும் வந்தது. ஓடும்போது வண்டி குள்ளம். நிறுத்தினால் கூரையை முதலை வாய் மாதிரி திறந்து, சுற்றித் துணி கட்டினால், உள்ளே நிமிர்ந்து உட்காரலாம், காற்று வரும். நம்ம ஊரிலும் கேரளா 2021-ல் கேரவன் டூரிஸம் கொண்டுவந்தது. ஆனால், அதெல்லாம் நம்ம பாக்கெட்டுக்கு எட்டாத வாடகை பாஸ்!

இங்கே ஒரு சட்டம் பேசியே ஆகவேண்டும். யூடியூப் பார்த்துவிட்டு வீட்டு ஆம்னியின் கூரையை கிரைண்டர் வைத்து அறுக்கிற ஐடியா இருந்தால், இப்போதே கைவிடுங்கள். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புக்கில் இருக்கும் தயாரிப்பு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அடித்துச் சொல்லிவிட்டது. நாங்கள் வண்டியில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. பின்பக்கத் தொட்டியில் ஒரு பெட்டியைச் செய்து உட்கார வைத்தோம். நாலு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி இறங்கிவிடும், திங்கள்கிழமை மாமா லோடு அடிக்கப் போய்விடுவார். ஓடும்போது எல்லோரும் கேபினில். நிறுத்தின பிறகுதான் பெட்டிக்குள் படுக்கை. நாலு பேருக்கு இடம் கிடையாது. ரெண்டு பேர் பெட்டியில், ரெண்டு பேர் சீட்டில். யார் எங்கே என்பதற்கு சீட்டுக் குலுக்கல்.

பெட்டியின் மூடிதான் கூரை. இரும்பு ஆங்கிள் ஃப்ரேம், ப்ளைவுட், மேலே அலுமினிய ஷீட். மாதவரத்தில் மாமாவின் ஷெட்டில் எடை போட்டபோது 40 கிலோ. கேபின் பக்கம் கீல், பின்பக்கம் திறக்கும். நீளம் ஒன்றரை மீட்டர். நுனியைப் பிடித்துத் தூக்கினால் பாதி எடை கீலுக்குப் போய்விடும், மீதி 20 கிலோ நம் கைக்கு. ‘ப்பூ, அவ்வளவுதானா’ என்று ஜிம் பாய்ஸ் சிரிக்கலாம். தலைக்கு மேல் கையை நீட்டி 20 கிலோவைத் தூக்கி, ஒரு கையால் தாங்கிக்கொண்டே, இன்னொரு கையால் முட்டுக்கட்டையைத் தேடிப் பாருங்கள்! எங்கள் விஸ்காம் தோழனுக்குப் பள்ளி நாளில் கபடி ஆடி இறங்கின தோள்பட்டை. அவன் தனியாகத் தூக்கவே முடியாது. ‘நாலு பேருல யாரும் தனியா திறந்து மூட முடியணும். இல்லேன்னா அது கூரை இல்லடா, எலிப்பொறி’ என்றார் மாமா. அதுதான் எங்களுக்கு சிலபஸ்.

அந்த ராடுக்குள்ள என்ன இருக்கு?

காரின் பின்கதவைக் கொஞ்சம் தூக்கினால், மீதியை அதுவே ‘ஸ்ஸ்ஸ்’ என்று தூக்கிக்கொள்ளும், கவனிச்சிருப்பீங்க. ரெண்டு பக்கமும் கறுப்பாக ஒரு குழாய், அதிலிருந்து பளபளவென்று ஒரு ராடு. மெக்கானிக் அண்ணன்கள் பாஷையில் ‘டிக்கி ஷாக்’. கார்ப்பென்டர்கள் கட்டிலுக்கும் கிச்சன் அலமாரிக்கும் மாட்டிவிட்டு ‘ஹைட்ராலிக்’ என்பார்கள். உண்மையில் வேலை செய்வது எண்ணெய் இல்லை, காற்று. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் அதே நைட்ரஜன்தான் உள்ளே இறுக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. சீலுக்கும் வேகத்தைக் குறைப்பதற்குமாகக் கொஞ்சூண்டு எண்ணெய்.

ட்ரிக் என்ன தெரியுமா? உள்ளே இருக்கும் பிஸ்டனில் ஒரு சின்ன ஓட்டை. அதனால் பிஸ்டனுக்கு இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். அப்படியானால் ரெண்டும் ரெண்டும் கழிந்து ராடு சும்மா நிற்கவேண்டியதுதானே? நிற்காது. ஒரு பக்கத்தில் ராடு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வாயு தள்ளுவதற்குப் பரப்பு குறைவு. அந்த வித்தியாசம்தான் ராடை வெளியே தள்ளுகிறது. ஆக, விசை = அழுத்தம் x ராடின் குறுக்குப் பரப்பு. 8 மி.மீ. ராடு, 600 நியூட்டன் என்று கணக்குப் போட்டால் உள்ளே சுமார் 120 பார் அழுத்தம் வருகிறது. உங்கள் பைக் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார். அறுபது மடங்கு! பழைய டிக்கி ஷாக்கை ‘உள்ள என்னதான் இருக்கு பாப்போம்’ என்று அறுப்பது, ஓட்டை போடுவது, நெருப்பில் போடுவது எதுவும் வேண்டவே வேண்டாம்.

எத்தனை நியூட்டன் வாங்குவது? இதுதான் மொத்த விளையாட்டும். 40 கிலோ கூரைக்கு 400 நியூட்டன் என்று நேராகக் கணக்குப் போட முடியாது. கூரை மூடியிருக்கும்போது ராடு கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும், அதன் தள்ளல் கீலுக்கு ரொம்பப் பக்கத்தில் போகும். திறக்கத் திறக்க நிமிரும், தள்ளுவது சுலபம் ஆகும். அதாவது நமக்கு உதவி அதிகம் தேவைப்படும் இடத்தில் கஞ்சன், தேவையில்லாத இடத்தில் வள்ளல். சொந்தக்காரங்க மாதிரின்னு வெச்சுக்குங்களேன்!

ஷெட் தரையில் சாக்பீஸால் பெட்டியை முழு அளவில் பக்கவாட்டில் வரைந்தோம். கீல் இருக்குமிடத்தில் ஒரு ஆணி. கூரைக்கு ஒரு மரச்சட்டம். ராடுக்குப் பதில் கயிறு. சட்டத்தைத் திருப்பித் திருப்பி, கீலிலிருந்து கயிறுக்கு எவ்வளவு தூரம் என்று ஸ்கேலில் அளந்தோம். சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டாம், சாக்பீஸ் போதும். கடைசியில் கிடைத்த இடம்: மூடியிருக்கும்போது அந்தத் தூரம் 15 செ.மீ., 35 டிகிரி திறந்தால் 30 செ.மீ. இரண்டு பக்கமும் 600 நியூட்டன் ராடு மாட்டினால், 20 கிலோவாக இருந்த தூக்கல் 8 கிலோவுக்கும் கீழே. பாதி உயரத்துக்கு முன்னாடியே ராடு ஜெயித்துவிடும், கூரை தானாக ஏறும். மூடும்போது திரும்ப 8 கிலோ நாம் கீழே இழுக்கவேண்டும். அதற்கு நுனியில் ஒரு நாடா தொங்கவிட்டாச்சு.

கவனிச்சீங்களா? இங்கே எதுவும் ஃப்ரீயாகக் கிடைக்கவில்லை. மூடும்போது நாமும் கூரையின் எடையும் சேர்ந்து உள்ளே இருக்கும் வாயுவை அமுக்குகிறோம். அது அந்த உழைப்பைப் பத்திரமாக வைத்திருந்து, திறக்கும்போது திருப்பிக் கொடுக்கிறது. உண்டியல் மாதிரி.

சாமான் வாங்க முதலில் புதுப்பேட்டை. உடைத்த கார்களின் டிக்கி ஷாக் அங்கே குவியலாகக் கிடக்கிறது. ஆனால் பழசில் எவ்வளவு வாயு மிச்சம் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்று வலுவாகவும் ஒன்று சோர்ந்தும் இருந்தால் கூரை முறுக்கிக்கொள்ளும். ராடை எப்போதும் ஜோடியாகத்தான் மாட்டணும், ஜோடியாகத்தான் மாத்தணும். அதனால் ஜி.பி. ரோட்டில் புதுசாகவே வாங்கினோம். ஒப்பிட்டுப் பார்க்க 200 நியூட்டனில் ஒரு சின்ன ஜோடியும். இந்தச் சின்ன ஜோடியை ஞாபகம் வெச்சுக்குங்க.

மாட்டுவதில் ரெண்டு மூணு சூட்சுமம். ப்ளைவுட்டில் வெறும் ஸ்க்ரூ போட்டால் ஒரே வாரத்தில் பிய்த்துக்கொண்டு வரும். பின்னால் இரும்புப் பட்டை வைத்து, ஊடுருவி போல்ட் போடணும். குழாய் மேலே, ராடு கீழே இருக்கும்படி மாட்டணும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலின் மேல் நின்று அது காயாமல் இருக்கும். கூரையை முழுசாகத் திறந்து, கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியாகத்தான் ராடு. 600 நியூட்டன் என்றால் 60 கிலோ, அதைக் கையால் அமுக்கி நுழைக்கிற வேலையெல்லாம் சினிமா ஹீரோவுக்குத்தான். முழுசாக மூடும்போது ராடு அடிவரை போய் முட்டக் கூடாது, கொஞ்சம் இடைவெளி விடணும். ஓடும்போது காற்று கூரையைத் தூக்காமலிருக்க ரெண்டு பக்கமும் பூட்டு. அந்த முட்டுக்கட்டையைத் தூக்கிப் போடக் கூடாது. ராத்திரி தூங்கும்போது அதுவும் நிற்கணும். ராடு உதவிக்குத்தான், காவலுக்கு இல்லை.

ஏரிக்கு முதுகைக் காட்டிப் படுத்தோம்

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுண்ணாம்புக்குளம் போய்ச் சேர்ந்தோம். சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம். ஏரிக்குள் பறவை சரணாலயப் பகுதியில் அனுமதி இல்லாமல் கூடாரம் போடுவதெல்லாம் வேண்டாத வம்பு. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, இறால் எடை போடும் கொட்டகைக்குப் பக்கத்துப் புறம்போக்கில் வண்டியை நிறுத்தினோம்.

‘‘மூக்கை ஏரிப் பக்கம் திருப்பி நிறுத்து நைனா. ராவுல வாடைக் காத்து அடிக்கும். பின்னாடி தொறந்து வெச்சினா உங்க கொடையைப் புட்டுக்கினு பூடும்’’ என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாத்தா. அவர் கேம்பர் எதையும் பார்த்தவரில்லை. பாய் கட்டிப் படகு விட்ட தலைமுறை. விரித்த கூரை காற்றுக்கு முன் ஒரு பாய்தான் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது அவருக்கு. சொன்னபடி திருப்பினோம். கீல் பக்கம் காற்று, வாய் பக்கம் ஊர். ஆக, ஏரியைப் பார்க்க 60 கிலோமீட்டர் வந்து, ராத்திரி முழுக்க ஊர் நாய்களைப் பார்த்துக்கொண்டு படுத்தோம்!

விஸ்காம் தோழன் ஒற்றைக் கையால் கூரையைத் திறந்தான். ‘ஸ்ஸ்ஸ்...’ சுற்றி நின்ற பொடிசுகள் ‘ஓஓஓ’ என்று கத்தின கத்தலில், ராக்கெட் விட்டமாதிரி இருந்தது. ராக்கெட் அவர்களுக்குப் புதுசும் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14 சந்திரயான்-3 கிளம்பினதை நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தோம், இவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறார்கள். ‘‘அது போவசொல்ல தகர ஷீட்டு கடகடன்னு ஆடும்ணா. இது சத்தமே வரல’’ என்றான் ஒரு வாண்டு. எங்கள் கூரைக்கு இஸ்ரோவைவிட நல்ல சர்டிஃபிகேட்!

சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில். பரப்பைப் பார்த்து மிரண்டுவிட்டு ஆழத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. முகத்துவாரத்தை மணல் மூடினால் கடல் தண்ணீர் உள்ளே வராது, கூடவே இறால் குஞ்சும் வராது. ஏரி ஒவ்வொரு வருஷமும் தூர்ந்துகொண்டே வருகிறது என்பதுதான் இங்கே டீக்கடையில் அரசியலைவிட அதிகம் பேசப்படுகிற சமாசாரம். யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற வழக்கம் இந்த ஏரியில் ரொம்பப் பழசு. மீன் குறையக் குறைய அந்த முறைக்கும் இழுபறி.

மோட்டார் வைத்த ஃபைபர் படகு ஒன்று கரைக்கு வந்தது. பின்னால் நீளமாக ஒரு தண்டு, அதன் நுனியில் விசிறி. ஆழம் குறைந்ததும் அந்த அண்ணன் கைப்பிடியை லேசாகக் கீழே அமுக்கினார், அந்தப் பக்கம் விசிறி தண்ணீருக்கு மேலே எழுந்தது. இஞ்சின் எடையும் தண்டின் எடையும் நடுவில் ஒரு முளையில் தராசு மாதிரி நிற்கிறது. நாங்கள் நைட்ரஜன் அடைத்து வாங்கினதை, இவர்கள் சீசாவில் முடித்துவிட்டார்கள். மெக்கானிக்கல் மூணு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

டமார்!

விடிகாலை நாலரை மணி. ‘டமார்!’ என்று ஒரு சத்தம். கூரைதான் விழுந்துவிட்டது என்று அலறியடித்து எழுந்தோம். எங்கள் கூரை கல்லு மாதிரி நின்றது. சத்தம் பக்கத்துக் கொட்டகையிலிருந்து.

உள்ளே கட்டில் அளவுக்கு ஒரு ஐஸ் பெட்டி. பலகைக்கு நடுவில் தெர்மாகோல், உள்ளே தகர ஷீட். இறால், நண்டு எல்லாம் இதில் ஐஸ் போட்டு அடுக்கி, வேன் வந்ததும் சென்னைக்கு. பெட்டி முன்னால் ஒரு அக்கா. மூடியைத் தூக்கி, குனிந்து, தலையால் தாங்கிக்கொண்டு, ரெண்டு கையாலும் ஐஸை அள்ளிக்கொண்டிருந்தார். நிஜமாகவே தலையால்! முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு மாதிரி வைத்து, அதன் மேல் மூடி. தலையை எடுத்தால் ‘டமார்’.

‘‘என்னக்கா இது, முட்டுக்கட்டை இல்லையா?’’

‘‘கீதுப்பா. ஈரத்துல வழுக்கி வுட்டுரும். போன மாசம் வழுக்கித்தான் இது...’’ என்று இடது கையைக் காட்டினார். மோதிர விரல் நகம் கறுத்து, பாதி உரிந்து போயிருந்தது. ‘‘தலைன்னா வழுக்காது பாரு’’ என்று சிரித்தார். ஒரு காலைக்கு எத்தனை தடவை திறப்பார் என்று கேட்டோம். ‘‘அத யாரு எண்ணிக்கினு இருக்கா... படகு வர வர தொறக்கறதுதான்.’’ கழுத்து வலி இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. அவர் தலையைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்புவது, கேட்காமலே தெரிந்தது.

டூல் பாக்ஸில் அந்த 200 நியூட்டன் ஜோடி கிடந்தது. நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அக்காவின் வீட்டுக்காரர் முதலில் சம்மதிக்கவில்லை. ‘‘பெட்டில ஓட்ட போட்டீங்கன்னா ஐஸ் தண்ணி உள்ள பூந்து தெர்மாகோல் ஊறிடும்பா.’’ நியாயமான பயம். உள்ளே தகரத்தைத் தொடமாட்டோம், வெளிப்பக்கச் சட்டத்தில்தான் மாட்டுவோம் என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டின பிறகுதான் தலையாட்டினார். வேன் போய், பெட்டி காலியாகிற பத்து மணிக்கு வேலையை ஆரம்பித்தோம்.

இந்த முறை எடை பார்க்க ஷெட் எதுக்கு? கொட்டகையில் தொங்குகிற எலெக்ட்ரானிக் தராசைக் கழற்றி, கொக்கியை மூடியின் நுனியில் மாட்டி மேலே இழுத்தோம். 11 கிலோ காட்டியது. அப்படியென்றால் முழு மூடி 22 கிலோ. அந்தக் கொக்கிதான் எங்களுக்குக் கிடைத்த பெஸ்ட் ஐடியா. ஃபார்முலாவே வேண்டாம். எந்த மூடியாக இருந்தாலும் நுனியில் தராசு மாட்டி இழுத்தால் நம் கைக்கு வருகிற எடை இதுதான் என்று தெரிந்துவிடும். கொட்டகை மண் தரையிலேயே குச்சியால் கோடு கிழித்து, கீலும் சட்டமும் கயிறும் வைத்து, ராடு உட்கார இடம் பார்த்தோம். பேட்டரி டிரில், நாலு பிராக்கெட், எட்டு போல்ட். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது.

திரும்பக் கொக்கி. 5 கிலோ!

அக்கா ஒரு கையால் தூக்கினார். பாதியிலேயே ராடு வாங்கிக்கொண்டது. மூடி நிமிர்ந்து அப்படியே நின்றது. அவர் மூடிக்குக் கீழே தலையை நீட்டினார், பழக்க தோஷம்! அங்கே தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அப்புறம் மூடியை விட்டார். அது விழவில்லை.

‘‘இன்னாப்பா, மூட மாட்டேங்குது?’’

‘‘கொஞ்சம் அமுக்கணும்க்கா.’’

அமுக்கினார். ‘‘முன்னாடி அதுவா வுழும். இப்ப நானு அமுக்கணுமா? அதுக்கு வேற ஒரு வேலையா?’’ என்று முகத்தைச் சுளித்தார். பொய்யாகத்தான். நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கொட்டகை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வீட்டுக்காரர் கேட்ட கேள்விதான் முக்கியமானது. ‘‘எத்தினி நாளிக்கு வரும்?’’

பூசி மெழுகாமல் சொன்னோம். காரில் வருஷக்கணக்கில் உழைக்கும். இங்கே உப்புக் காற்று, ஐஸ் தண்ணீர், இறால் செதில். ராடின் மேல் இருக்கும் பளபளப்பான பூச்சில் உப்பு ஒரு புள்ளி அரித்தால் போதும், ஏறி இறங்கும்போது அந்தப் புள்ளி சீலைக் கிழிக்கும், வாயு கசியும். தினமும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ராடைத் துடைத்து, காய வைக்கணும். கத்தி, கொக்கி படாமல் பார்த்துக்கணும். வெயிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்து டிகிரி சூடு ஏறினால் தள்ளுகிற பலம் மூன்றரை சதவிகிதம் ஏறும், குளிர்ந்தால் அதே அளவு இறங்கும். அதனால் மே மாத மதியத்தைவிட மார்கழி விடிகாலையில் மூடி கொஞ்சம் கனக்கும், பயப்படவேண்டாம். ஆனால் மே மாசத்திலேயே மூடி மெள்ளத் தானாக இறங்க ஆரம்பித்தால், ராடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். ரெண்டையும் சேர்த்து மாத்தணும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பழைய முட்டுக்கட்டையை எடுத்து, ஒரு நைலான் கயிற்றில் பெட்டியோடு கட்டித் தொங்கவிட்டார். மாதவரம் மாமாவும் இவரும் சந்தித்தால் நிறையப் பேசிக்கொள்வார்கள்.

அடுத்த தடவை வாங்கும்போது கடையில் என்ன கேட்பது? அளவைப் பெட்டியின் பக்கத்திலேயே மார்க்கரால் எழுதினோம். முழு நீளம், உள்ளே போகிற நீளம், 200 என், ரெண்டு எண்ணம், ஜி.பி. ரோடு. அக்காவின் மகள், ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு, அதைத் தன் ஐஸ் கணக்கு நோட்டிலும் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டுக் கேட்டாள்.

‘‘அண்ணா, இந்த ‘என்’னுன்னா நியூட்டன்தானே?’’

‘‘ஆமா. 200 நியூட்டன், கிட்டத்தட்ட 20 கிலோ.’’

‘‘அப்ப ரெண்டும் சேந்து 40 கிலோ தள்ளுது. மூடியே 22 கிலோதான். அப்புறம் ஏன் அம்மா கை வெச்சுத் தூக்கணும்? அதுவே தொறந்துக்கணும்ல?’’

மூணு மெக்கானிக்கலும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அதற்குள் அவள் எழுந்து போய்க் கொட்டகையின் தட்டிக் கதவை, முதலில் ஓரத்தில் ஒரு விரலால் தள்ளினாள். திறந்தது. அப்புறம் கீல் பக்கம் அதே விரலை வைத்துத் தள்ளினாள். கதவு அசையவில்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். லேசாக அசைந்தது.

‘‘ஓ... ராடு கீலுகிட்டயே நின்னு தள்ளுது’’ என்று சொல்லிவிட்டு, நோட்டில் அந்த வரிக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டாள்.